ஓடுகிற லோரியில் தூக்கம் வருமா?
நெடுந்தூர லோரி ஓட்டப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஜோடியாக, அதாவது ஒரே வண்டியில் இரண்டு பேர் மாறி மாறி, ஓட்டட்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அமெரிக்காவில் ஒருவர் 11 மணி நேரம் ஓட்டிவிட்டால் அடுத்து 10 மணி நேரம் ஓய்வு கட்டாயம், அதனால் இரண்டு பேர் இருந்தால் வண்டி நிற்காது, முதலாளிக்கு லாபம், சரி. ஆனால் ஒருவன் ஓட்டும்போது இருக்கைக்குப் பின்னால் படுத்திருப்பவன் தூங்க வேண்டுமே! இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஜோகூருக்கு மாமாவோடு லோரியில் போயிருக்கிறேன், அவர் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் திறந்துகொள்ளும், இறங்கும்போது முதுகு போயே போய்விட்டது.

அப்புறம், ஜோடி வண்டிக்குப் பெரும்பாலும் நீண்ட ஓட்டம்தான், சரக்கு ஏற்றி இறக்கும் இடம் குறைவு, ரிவர்ஸ் எடுக்கும் வேலை அங்கேதான் அதிகம். அப்படியானால் புதுப்பையன் அதை எப்போதுதான் பழகுவான்? நல்ல பயிற்சியாளரோடு கொஞ்ச காலம் போகட்டும், பிறகு தனியாக ஓட்டட்டும். ஜோடிதான் என்று அடம்பிடிக்கிற தம்பிமார்கள், கூட வருகிறவன் உள்ளேயே சிகரெட் பிடிப்பவனா என்றாவது முதலில் கேட்டு வையுங்கள்.