ஒன்பதாவது வளைவில் திறக்காத கட்டுரை

மாதம் இரண்டு தடவையாவது பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ்ஸில் போகிறேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் முந்தின ராத்திரியே வீட்டு வைஃபையில் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளை ஒரு செயலியில் இறக்கி வைத்துக்கொள்வேன். (வளைவில் படித்தால் தலை சுற்றும் என்பார்கள். எனக்குப் பழகிவிட்டது.)

போன வாரம் லோம்ஸ் வியூ இருக்கிற ஒன்பதாவது வளைவு தாண்டி ஒன்றைத் திறந்தேன். கட்டுரையைக் காணோம். வெள்ளைத் திரையில் ஒரு சின்னக் கட்டம்: 'நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதி செய்யவும்.' அடுத்ததிலும் அதே கட்டம். எனக்காகப் பக்கத்தை எடுக்கப் போன செயலியைத் தளத்துக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

அவர்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. இன்றைய இணைய விளம்பரம் பெரும்பாலும் பக்கத்தோடு ஒட்டி வருவதில்லை. நாம் திறக்கும் அந்த நொடியில், யார் விளம்பரத்தைக் காட்டுவது என்று ஏலம் நடந்து, வேறொரு சர்வரிலிருந்து வந்து உட்காருகிறது. இணைப்பு இல்லாவிட்டால் ஏலமும் இல்லை, காசும் இல்லை. போதாததற்கு இந்தச் செயலிகள் பலவும் எழுத்தை மட்டும் உருவிக்கொண்டு விளம்பரத்தை விட்டுவிடுகின்றன. எழுதியவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்விதான்.

ஆனால் இதற்கு வழியே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாம் கையடக்கக் கருவிகள் இருந்த காலத்தில் அவன்ட்கோ என்று ஒரு சேவை இருந்தது. கருவியைக் கணினியோடு இணைத்தால் செய்திப் பக்கங்கள் இறங்கிவிடும், விளம்பரமும் கூடவே வரும். இணைப்பே இல்லாமல் படிக்கலாம். 2009இல் அது மூடப்பட்டது. அப்புறம், கட்டுரைகளைச் சேமித்து வைத்துப் பிறகு படிக்க 'பாக்கெட்' என்ற செயலி வந்தது. 2025 ஜூலையில் அதையும் அதன் உரிமையாளரான மொசில்லா நிறுத்திவிட்டது.

'இந்தப் பக்கம் வராதே' என்று தானியங்கி நிரல்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு முறையை 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் என்ற நிரலாளர் முன்வைத்தார். அது பூட்டு இல்லை, வேண்டுகோள். இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் நிரல்கள் தளம் தளமாக அள்ளிக்கொண்டு போவதால், தளத்துக்காரர்கள் பலரும் நிஜப் பூட்டே போடுகிறார்கள். போடட்டும். ஆனால் லட்சம் பக்கம் அள்ளுகிறவனும், பஸ்ஸில் படிக்க ஒரு பக்கம் எடுக்கிறவனும் ஒன்றா? ஒரு வாசகர் கேட்டு ஒரு பக்கத்தை எடுக்க வருவதைத் தனியாக அனுமதிக்க முடியும். விளம்பரத்தைச் செய்தித்தாளில் வருவது போலப் படமாகப் பக்கத்திலேயே வைத்துக் கொடுங்கள். நான் பார்க்கிறேன். மலை ஏறி முடிக்கும் வரை அந்தப் பக்கம்தான் என் கண் முன்னால் இருக்கப் போகிறது.

நான் ஆண்டுச் சந்தா கட்டுவது ஒரே ஒரு தளத்துக்கு. அதில் ஒவ்வொரு கட்டுரையின் கீழேயும் இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது.