ஆறாவது ஃபியூஸும் போச்சு

இந்த வாரத்தில் என் காரில் இது 6ஆவது. சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸை மாத்திரை மாதிரி சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். மெக்கானிக் அண்ணன் முன்னால் கார் பரம சாது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டால் மட்டும் மீட்டர் முள் பொத்தென்று விழும், இண்டிகேட்டரும் செத்துவிடும். “15 போடுங்க சார், நிக்கும்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஃபியூஸ் நிற்கும், வயர் எரியுமே, யார் அணைப்பது?

ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பை மாட்டி, ஷார்ட் பட்டால் பளிச்சென்று எரியும் என்று ஒவ்வொரு வயராக ஆட்டினேன். இரண்டு மணி நேரம், முதுகு போச்சு. டிக்கி கீல் பக்கம் ஆட்டியபோது பல்பு ஒரு நொடி எரிந்தது. டேப்பைப் பிரித்தால் வயர் புத்தம்புதுசு! மறுபடி ஆட்டினால் எரியவில்லை. என்னைக் கிண்டல் செய்கிறதா என்ன?