அந்த இரும்புப் பெட்டிக்கு ஒரே வரிதானா?

கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பாய்மரம், நீராவி, 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் என்று அருமையாகப் போகிறது. ஆனால் சரக்கை அடைத்து அனுப்பும் பெரிய இரும்புப் பெட்டியான கன்டெய்னருக்கு ஒரே வரிதான். எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. அதற்கு முன் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றாக ஆட்கள்தான் ஏற்றி இறக்கினார்கள். கப்பல் நாள்கணக்கில் துறைமுகத்திலேயே கிடக்கும். 1956 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் இப்படி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் அந்நாட்டின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே இருக்கும் சரக்கைத் தொடாமலே பெட்டி லாரியிலிருந்து கப்பலுக்கும் திரும்ப லாரிக்கும் மாறியது. பெட்டியின் எட்டு மூலையிலும் இருக்கும் ஓட்டை போட்ட இரும்பு வார்ப்பைப் பாருங்கள். கிரேன் பிடிப்பதும் அதைத்தான், மேலே அடுக்கும் பெட்டி பூட்டிக்கொள்வதும் அதில்தான். அந்த வார்ப்பின் அளவு உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆனது சாதாரண விஷயமா? இதனால் வேலை இழந்த துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள் ஐயா.