ஹரால்டு பெல்லும் 401 ஆட்டங்களும்

இங்கிலாந்தின் டிரான்மியர் ரோவர்ஸ் கால்பந்து அணியின் மையத் தடுப்பாட்டக்காரர் ஹரால்டு பெல்லை, லீக்கின் அன்றைய கடைசிப் படியான மூன்றாம் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவர் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. போருக்குப் பின் 1946இல் லீக் மீண்டும் தொடங்கியது முதல் 1955 ஆகஸ்ட் வரை, ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 401 ஆட்டங்களில் அவர் ஆடினார். பருவத்துக்கு 42 ஆட்டங்கள் வீதம் நான்கு பருவங்கள், 1950இல் அவருடைய அணி ஆடிய மூன்றாம் பிரிவின் வடக்குப் பகுதி 24 அணிகளாக விரிந்தபின் 46 வீதம் ஐந்து பருவங்கள், அதன்பின் 3 ஆட்டங்கள் என்று கூட்டினால் கணக்கு நேராகிறது. லீக்கில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி 1965இல்தான் வந்தது என்பதால், அடிபட்டவர் நொண்டிக்கொண்டாவது களத்தில் நின்ற காலம் அது. மழையில் நனைந்து கனத்த தோல்பந்தைத் தலையால் முட்டித் தள்ளுவதுதான் அவருடைய இடத்தில் ஆடுபவரின் அன்றாட வேலை. மெர்சி ஆற்றின் எதிர்க்கரையில் லிவர்பூல், எவர்ட்டன் அணிகள் பெயர் பெற்றிருக்க, அவர் டிரான்மியரின் ஊரான பிர்கன்ஹெட்டிலேயே இருந்துவிட்டார். கடைசியில் அந்தத் தொடரை முறித்தது காயமன்று. அணியில் அவர் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான்.