ஒன்பது மணிக்கு எல்லாரும் நினைக்கணுமாம்

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அத்தான் ஒரு செய்தி போட்டார். வரும் ஞாயிறு ராத்திரி சரியாக 9 மணிக்கு அவரவர் இருந்த இடத்தில் கண்ணை மூடி, தாமிரபரணி கண்ணாடி மாதிரி தெளிந்து ஓடுவதாக 3 நிமிஷம் நினைக்க வேண்டும். ஒரு லட்சம் பேர் ஒன்றாக நினைத்தால் தண்ணீரின் தன்மையே மாறிவிடும். கடைசியில் கொட்டை எழுத்தில், "இது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது". அதற்குக் கீழே பத்து கும்பிடு, நாலு விளக்கு, சித்தி போட்ட ஒரு ரோஜாப்பூ.

நான் ஒன்றும் போடவில்லை. ராத்திரியே போன் வந்துவிட்டது. "என்ன மாப்ளே, பாத்துட்டு சும்மா இருக்கீரு? நீரு படிச்ச ஆளு. நீரு ஒரு வார்த்த சொன்னா நாலு பேரு கேப்பாவல்லா?"

போனில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார் என்று தெரியும்.

முதலில் அந்த "நிரூபிக்கப்பட்டது". அத்தான் முழுசாகக் கதை விடவில்லை, சில ஆராய்ச்சிகள் நிஜமாகவே நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜான் என்கிற பொறியியல் பேராசிரியர் 1979-ல் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார். காசு சுண்டுகிற வேலையை மின்னணுவில் செய்யும் ஒரு பெட்டி. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து 'தலை விழணும், தலை விழணும்' என்று நினைக்க வேண்டும். 28 வருஷம் நடத்தி 2007-ல் மூடினார்கள். அவர்கள் கண்டதாகச் சொன்ன வித்தியாசமே பத்தாயிரத்துக்கு ஓரிரண்டுதான். ஜெர்மனியின் இரண்டு ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து மறுபடி செய்து பார்த்து 2000-ல் முடிவை வெளியிட்டபோது அந்த ஓரிரண்டும் கைக்கு வரவில்லை. பிரின்ஸ்டன் கூடத்தில் வேலை பார்த்த ரோஜர் நெல்சன், 1998-லிருந்து நொடிக்கு 200 முறை சுண்டும் பெட்டிகளை உலகம் முழுக்க வைத்தார். உலகமே சேர்ந்து அழுகிற நாளில் பெட்டிகள் தடுமாறுகின்றனவா என்று பார்க்க. 2001 செப்டம்பர் 11 அன்று தடுமாறின என்றார்கள். எந்த மணியிலிருந்து எந்த மணிவரை எண்ணுவது என்று கோடு கிழிக்கிற கையில்தான் சூட்சுமம் இருக்கிறது, கோட்டை நகர்த்தினால் தடுமாற்றமும் போய்விடுகிறது என்று மற்றவர்கள் காட்டினார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது வாஷிங்டன் கதை. 1993 ஜூன், ஜூலையில் ஏறக்குறைய 4,000 பேர் அந்த ஊரில் கூடித் தியானம் செய்தார்கள். வன்குற்றங்கள் 23 சதவீதம் குறைந்தன என்று பிறகு கட்டுரை வந்தது. எதைவிடக் குறைவு? அவர்களே போட்ட மதிப்பீட்டைவிட. கொலைக் கணக்கை மட்டும் எடுத்தால், அந்த வருஷம் அந்த ஊரில் முந்தைய வருஷத்தைவிடக் கூடுதல். தியானம் செய்திராவிட்டால் இன்னும் கூடியிருக்கும் என்று பதில் வைத்திருக்கிறார்கள். பரிகாரம் பலிக்காதபோது நம்ம ஜோசியர் சொல்வதும் இதேதான்: "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சுக்கிடும்."

நமக்கு இது புதிய சங்கதியும் இல்லை. திருநெல்வேலி என்கிற ஊர் பெயரே அப்படி. வேதசர்மா என்கிற பக்தர் சாமிக்கு அமுது படைக்கக் காயப்போட்ட நெல்லைச் சுற்றி மழை பெய்ததாம், நெல்லில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லையாம். சாமியே வேலி கட்டினாராம். அது தனி ஆளின் வேண்டுதல். ஊர்கூடி மழையைக் கூப்பிடுவதற்குக் கொடும்பாவி இருந்தது. வைக்கோலில் பொம்மை கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள், பொம்பளைகள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள், கடைசியில் கொளுத்துவார்கள். ஆச்சி சின்ன வயதில் அந்த ஊர்வலத்தில் அழுதுகொண்டே போயிருக்கிறாள். "இழுத்த மூணாம் நாளு கொட்டுச்சுல்லா!" என்பாள்.

"இழுத்தும் வராம போன வருசம் எத்தன ஆச்சி?"

"அத யாருல கணக்கு வச்சா?"

ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடக்கிறதே என்கிற பயத்தில்தான் கொடும்பாவி இழுப்பார்கள். நம்ம சீமைக்கு வாடைமழைக் காலமே அப்போதுதான். அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கினாலும் பத்து நாளில் மழை வர நிறைய வாய்ப்பு உண்டு. 2023 மார்கழி பிறந்த அன்றைக்கு யாரும் எதையும் இழுக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

அம்மா விஷயம் சொல்கிறேன். இதை எழுத வைத்ததே அதுதான்.

சில வருஷம் முன்னால் அம்மாவுக்கு பைபாஸ். அப்பாவின் பழைய சிநேகிதர் மேலப்பாளையத்தில் துவா கேட்டார். அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர் பாளையங்கோட்டையில் சபையில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்தார். பெரியம்மா குறுக்குத்துறை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். அதுவரை எல்லாம் சரி. அந்த ஈரம் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ஆப்பரேஷனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் அத்தான் பையன் வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைக் காட்டி, "அத்த, ஒங்களுக்காக 500 பேரு ஒரே நேரத்துல பிரார்த்தன பண்ணப் போறாவ" என்றான். நல்ல பையன், மனசு நிறைந்துதான் சொன்னான்.

அம்மா சிரித்தாள். அவன் போனதும் என் முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுகியிருந்தது. விரல் நுனியில் மாட்டியிருந்த கிளிப்பு என் சதையில் அழுந்தியது.

"எய்யா, டாக்டரு ஒங்கிட்ட தனியா என்னமும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலியேம்மா."

"பொறவு எதுக்கு இத்தன பேரு? பக்கத்துக் கட்டிலுக்காரிக்கும் நாளைக்குத்தான. அவளுக்கு யாரும் 500 பேரக் கூட்டலியே."

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. நானும்தான்.

அம்மா தேறி வந்து பல மாதம் கழித்து ஒரு ஆராய்ச்சியைப் படித்தேன். ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவர் தலைமையில் அமெரிக்காவில் 6 ஆஸ்பத்திரிகளில் பைபாஸ் செய்த 1,802 பேரை வைத்து நடந்தது, 2006-ல் வெளிவந்தது. மூன்று குழு. தமக்காக ஜெபம் நடக்குமோ நடக்காதோ என்று தெரியாமல் இருந்து, ஜெபம் செய்யப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. அதேபோல் தெரியாமல் இருந்து, ஜெபம் செய்யப்படாதவர்களில் 51. உங்களுக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்த குழுவில் 59. ஆய்வு செய்தவர்களில் ஒருவர், ஆள் திரட்டி ஜெபிக்கிற அளவுக்கா என் நிலைமை மோசம் என்று அவர்கள் பயந்திருக்கலாமோ என்று கேட்டிருந்தார். படித்ததும் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கட்டிலில் கிடக்கிறவர்களுக்காகக் கும்பிடுங்கள், தாராளமாக. எண்ணிக்கையை அவர்களிடம் சொல்லாதீர்கள்.

அப்போ கூட்டாக நினைப்பதற்குப் பலமே இல்லையா என்று அத்தான் கேட்பார். இருக்கிறது, பயங்கரமாக இருக்கிறது. டவுனில் ஆனித் தேர் பார்க்காத ஆளா அவர்? நெல்லையப்பர் தேர் 450 டன் என்பார்கள். வடத்தில் ஆயிரக்கணக்கில் ஆள். முன்னால் நிற்கிறவனுக்குத் தேரே தெரியாது, முன்னவன் முதுகுதான் தெரியும். எல்லாரும் அவனவன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்வரை தேர் அசையாது. நின்ற தேரைக் கிளப்பத்தான் பலம் அதிகம் வேண்டும், ஓட ஆரம்பித்த பிறகு அவ்வளவு வேண்டாம். ஒரு குரல் வந்து, அத்தனை கையும் ஒரே நொடியில் வடத்தைப் பிடித்து, பின்னால் தடி போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் தடியைக் கொடுத்து அதன்மேல் ஏறி மிதிக்கும்போது ஒரு முனகல் கேட்கும் பாருங்கள், மரம் முனகுகிற சத்தம். அப்புறம்தான் நகரும். நினைப்புக்கு மட்டும் நகரும் என்றால் மொட்டை மாடிகளில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்களே, அவர்களும் தேர் நகரணும் என்றுதான் நினைக்கிறார்கள். வாகையடி முக்குத் திருப்பத்தை அவர்கள் யாரும் திருப்பியதில்லை.

அந்தத் திருப்பத்தில் சக்கரத்துக்கு முன்னால் சறுக்குக்கட்டையைத் தள்ளிவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிற ஆளைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டை போடுவதை நாம் திட்டுகிற வார்த்தையாக வைத்திருக்கிறோம், "எல்லாத்துக்கும் முட்டுக்கட்ட போடுதான்". அவன் போடாவிட்டால் ஆயிரம் பேரின் பக்தி நேராக யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் ஏறும்.

கட்டை போட ஆளில்லாத கூட்டு எண்ணத்தையும் பார்த்திருக்கிறோம். நம்ம பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் இன்ன சாதி என்று காட்ட மணிக்கட்டில் கட்டுகிற கலர் கயிறு கடையில் அஞ்சோ பத்தோ ரூபாய், வெறும் நூல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த குழு அடுத்த வருஷம் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறு கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. அந்தக் கயிற்றில் என்ன இருக்கிறது என்று தெருவே சேர்ந்து நினைத்து வைத்திருக்கிறது. பதினேழு வயதுக் கை அதைத்தான் கேட்டது.

அதே 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி ஏறக்குறைய 800 பேர் தவித்தபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்களே தண்ணீருக்குள் நின்றுகொண்டு அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அதுவும் நம்ம சீமைதான்.

சரி, ஆற்றுக்கு வருவோம். ஏற்கெனவே லட்சம் பேர் ஒன்றாக நினைத்ததன் பலன் அதில் கிடக்கிறது. பாவநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பாவம் போகும், பீடை போகும் என்று எப்படியோ பரவிவிட்டது. துணி அள்ளுகிற பையன்களோடு ஒரு தடவை போயிருந்தேன். பாறை இடுக்கில் ஒரு வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தால் அதோடு மூன்று சேலை, ஒரு சுடிதார், பிள்ளைச் சட்டை ஒன்று எல்லாம் முறுக்கிக்கொண்டு வருகிறது. நனைந்த துணி என்ன கனம் கனக்கும் என்று துவைக்கிற பொம்பளைகளைக் கேளுங்கள். பாலியெஸ்டர், மக்காது. குளிக்க இறங்குகிறவன் காலில் சுற்றினால் அவ்வளவுதான். ஒரு சேலையில் ஊக்கு கூடக் கழற்றவில்லை, என் கையைக் கிழித்தது.

நாங்கள் அள்ளிக்கொண்டிருக்கும்போதே பத்தடி தள்ளி ஒருவர் முங்கி எழுந்து சட்டையை அவிழ்த்தார். நல்ல சட்டை.

"அண்ணாச்சி, எதுக்கு விடுதிய?"

அவர் என்னையும் கரையில் குவிந்த துணியையும் பார்த்தார். "எல்லாரும் விடுதாவல்லா" என்றார். விட்டார். சட்டை கையை விரித்துக்கொண்டு கொஞ்ச தூரம் மிதந்துபோய் அதே பாறையில் மாட்டியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தானுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு நானும் கண்ணை மூடுகிறேன், குரூப்பிலும் போடுகிறேன். அன்று காலை 6 மணிக்கு நீங்கள் பாவநாசம் படித்துறைக்கு வர வேண்டும், பழைய கைலியும் ரப்பர் கையுறையும் எடுத்துக்கொண்டு.

பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்து இருபது நிமிஷம் பதில் இல்லை. பிறகு வந்தது.

"பஸ்ஸா, காரா?"