மூன்று சுவரும் ஒரு காலிங் பெல்லும்

(வீட்டுக்குப் பின்பக்கத் தோட்டம். அக்கா களை பிடுங்கிக்கொண்டிருக்கிறார். தம்பி கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு, வெற்றி பெற்ற வேட்பாளரின் சிரிப்போடு வருகிறான்.)

தம்பி: அக்கா, உன் பிரச்சினை இன்றோடு ஒழிந்தது.

அக்கா: எந்தப் பிரச்சினை? எனக்கு இருப்பது ஒன்றா, இரண்டா?

தம்பி: வாசலில் பெல் அடித்தால் தோட்டத்தில் கேட்கவில்லை என்று புலம்பினாயே, அது.

அக்கா: நான் புலம்பவில்லை. பார்சல் கொண்டுவந்தவர் 'வீட்டில் யாரும் இல்லை' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார், நானோ நாள் முழுக்க இங்கேதான் இருந்தேன் என்று சொன்னேன். அதற்குப் பெயர் புலம்பலா?

தம்பி: சரி, முறையீடு. இதோ தீர்ப்பு. ஒயர் இல்லாத காலிங் பெல். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. 150 மீட்டர் தூரம் எட்டும். 52 விதமான டியூன்.

அக்கா: எனக்கு ஒரு டியூன் போதும். அது காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி: விழும். உன் தோட்டம் வாசலிலிருந்து 25 மீட்டர்கூட இருக்காது. இதுவோ 150.

அக்கா: எங்கே, அந்தப் பெட்டியைக் கொடு. (மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு) '150 மீட்டர்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறதே.

தம்பி: அது அழகுக்கு.

அக்கா: நட்சத்திரத்துக்குக் கீழே எழுத்தும் இருக்கிறது. 'தடையில்லாத திறந்தவெளியில்.' நம் வீட்டில் வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே மூன்று சுவர், ஒரு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ்.

தம்பி: ரேடியோ அலைதானே? சுவர் கொஞ்சம் குறைக்கும். இரும்பு இன்னும் கொஞ்சம் குறைக்கும். சுவரே இல்லை என்றால் முழு 150 மீட்டரும் போகும்.

அக்கா: சுவரே இல்லை என்றால் எனக்கு பெல் எதற்குடா? வருகிறவர்களை இங்கிருந்தே பார்த்துவிடுவேனே.

தம்பி: பேசிப் பயனில்லை. மாட்டிக் காட்டுகிறேன். இன்னொரு விசேஷம், இந்த பட்டனுக்கு பேட்டரியே கிடையாது. அழுத்துகிற விசையிலேயே உள்ளே ஒரு காந்தம் அசைந்து, சிக்னல் அனுப்பத் தேவையான மின்சாரம் உண்டாகிவிடும்.

அக்கா: அதாவது வருகிறவர் உழைத்தால்தான் பெல் அடிக்கும்.

தம்பி: ஒரு அழுத்துதான் அக்கா. 'டக்' என்று சத்தம் வரும்வரை.

அக்கா: சிலர் பெல்லைத் தொட்டும் தொடாமலும் விரலை எடுப்பார்கள். அவர்களுக்கு என்ன எழுதி ஒட்டுவது? 'தயவுசெய்து பலம் கொண்டவர்கள் அழுத்தவும்' என்றா?

(தம்பி பதில் சொல்லாமல் வாசலுக்குப் போகிறான். சத்தம் எழுப்பும் பெட்டியான ரிசீவரைக் கூடத்துச் சுவரிலுள்ள பிளக்கில் செருகுகிறான். பட்டனை வெளிக் கேட்டின் இரும்புத் தூணில் பசை நாடாவால் ஒட்டுகிறான். ஸ்குரூ இரண்டும் பெட்டியிலேயே கிடக்கின்றன. ஸ்குரூவைக் கையில் எடுக்கும் வரை எல்லோருமே நல்ல எலக்ட்ரீஷியன்கள். பிறகு போன் செய்கிறான்.)

தம்பி: அக்கா, கேட்டதா?

அக்கா: என்ன கேட்டதா?

தம்பி: பெல் அடித்தேனே.

அக்கா: இல்லை. போன் அடித்தது, அதுதான் கேட்டது.

தம்பி: மறுபடியும் அடிக்கிறேன்... இப்போது?

அக்கா: இப்போதும் போன்தான் கேட்கிறது. நீ பேசுகிறாய். பேசாமல் கேட்டில் என் போன் நம்பரை எழுதி வைத்துவிடலாம் போலிருக்கிறது.

தம்பி: உனக்குத் தெரியுமா, 1830களின் தொடக்கத்திலேயே ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானி ஒரு மைலுக்கும் மேல் நீண்ட கம்பியில் மின்சாரம் அனுப்பி, மறுமுனையில் மணி அடிக்க வைத்தார்.

அக்கா: அவர் ஒரு மைலைத் தாண்டிவிட்டார். நீ இன்னும் என் சமையலறையைத் தாண்டவில்லை.

(தம்பி உள்ளே போய் ரிசீவர் பக்கத்தில் நின்று பார்க்கிறான். அங்கும் சத்தம் இல்லை. பட்டனைக் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறான்.)

தம்பி: கண்டுபிடித்துவிட்டேன். இரும்புத் தூணோடு ஒட்டி வைத்தால் பட்டனின் ஆன்டெனா சரியாக வேலை செய்யாது. நடுவில் ஒரு மரக்கட்டை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் சுவரில் வைக்க வேண்டும்.

அக்கா: இது பெட்டியில் எழுதியிருக்குமே.

தம்பி: எழுதியிருக்கிறது. எழுத்துதான் பொடி.

(பட்டன் சுவருக்கு மாறுகிறது. இந்தத் தடவை கூடத்தில் பெல் அடிக்கிறது. தோட்டத்தில் கேட்கிறதா என்றால், அடிக்கிறது என்று தெரிந்துகொண்டு காதைத் தீட்டினால் கேட்கிறது.)

தம்பி: அப்படியானால் ரிசீவரையே இங்கே கொண்டுவந்துவிடலாம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, இந்தச் சுவரில் மாட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிட்டால் முடிந்தது.

அக்கா: நான் ஓஸ் பைப்போடு நிற்கிற இடத்திலா?

தம்பி: நல்ல எலக்ட்ரிக் லைனில் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடுகிற பிரேக்கர் இருக்கும்.

அக்கா: நம் வீட்டில் இருக்கிறதா?

தம்பி: இருக்க வேண்டும்.

அக்கா: 'இருக்க வேண்டும்' என்பதில் நான் ஈரக் கை வைக்க மாட்டேன். தவிர, மழை தாங்கும் என்றாயே, கவர் எதற்கு?

தம்பி: ஒரு பாதுகாப்புக்கு.

அக்கா: (பெட்டியைத் திருப்பி) 'பட்டன்: ஐபி 44. ரிசீவர்: உள் பயன்பாட்டுக்கு மட்டும்.' பார்த்தாயா? மழை தாங்குவது அடிக்கிற பட்டன்தான். ஒலிக்கிற பெல் இல்லை.

தம்பி: முன்பக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லையே!

அக்கா: முன்பக்கம் விற்பதற்கு. பின்பக்கம் தப்பிப்பதற்கு.

தம்பி: சரி. ரிசீவர் உள்ளேயே இருக்கட்டும், தோட்டத்துப் பக்கத்து ஜன்னல் ஓரம். இதன் சத்தம் ஒரு மீட்டரில் 90 டெசிபல். தூரம் இரண்டு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 84, 4 மீட்டரில் 78, 8 மீட்டரில் 72.

அக்கா: என் கத்தரிச் செடி 16 மீட்டர் தள்ளி இருக்கிறது.

தம்பி: 66. இரண்டு பேர் பக்கத்தில் நின்று கொஞ்சம் உரக்கப் பேசுகிற அளவு.

அக்கா: ஜன்னல் கண்ணாடி சாத்தியிருந்தால்?

தம்பி: அதில் இன்னும் இருபதுக்கு மேல் போகும்.

அக்கா: புல் வெட்டுகிற மெஷின் ஓடினால்?

தம்பி: அது உன் காதுப் பக்கம் 90 டெசிபல் வாக்கில் இரையும்.

அக்கா: ஆக, ஜன்னலைத் திறந்து வைத்து, மெஷினை நிறுத்தி, நானும் போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றால் நன்றாகக் கேட்கும்.

தம்பி: அற்புதமாகக் கேட்கும்.

அக்கா: அங்கேயே நிற்பதாக இருந்தால் வாசலிலேயே நிற்க மாட்டேனா?

(சில நாள் கழித்து. தம்பி இன்னொரு பெட்டியோடு வருகிறான். இந்தத் தடவை பின்பக்கத்தை முதலில் படித்துவிட்டு வாங்கியிருக்கிறான் என்பது அவன் நடையிலேயே தெரிகிறது.)

தம்பி: வெளியில் மாட்டுவதற்கென்றே செய்த ரிசீவர். பேட்டரியில் ஓடும், அதனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே கிடையாது. அடிக்கும்போது விளக்கும் மின்னும், புல் மெஷின் இரைச்சலில் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ஐபி 65.

அக்கா: முதலில் வாங்கியது 44. இது 65. இருபத்தொன்று கூட எதற்கு?

தம்பி: அப்படிக் கூட்டிப் பார்க்கக் கூடாது, அது இரண்டு தனி எண். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் எண் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் பைப்பால் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

அக்கா: எனக்கு 7 வேண்டாம். தண்ணீருக்கு அடியில் விருந்தாளியை எதிர்பார்க்கும் அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

தம்பி: 5 போதும் என்றுதான் வாங்கினேன். ஆனாலும் இதன்மேல் நேராகப் பீய்ச்சாதே.

அக்கா: தாங்கும் என்றாயே.

தம்பி: தாங்கும். அதற்காகச் சோதித்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை.

(தம்பி சன்ஷேடுக்கு அடியில் இடம் பார்த்து, டிரில் மெஷினால் இரண்டு துளை போட்டு, பிளக் அடித்து ஸ்குரூ முடுக்குகிறான். பிறகு சிலிகோன் பசை டியூபை எடுத்து ரிசீவரைச் சுற்றிப் பூசுகிறான். மேல் விளிம்பு, இடது, வலது. கை கீழ் விளிம்புக்கு வருகிறது.)

அக்கா: நில். அடியில் பூசாதே.

தம்பி: மூன்று பக்கம் அடைத்துவிட்டு நாலாவதை விட்டால் தண்ணீர் உள்ளே போகாதா?

அக்கா: தண்ணீர் கீழிருந்து மேலே பெய்யாது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் எப்படியாவது கொஞ்சம் ஈரம் சேரத்தான் செய்யும். அது வெளியே போக வழி வேண்டாமா? நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே போனது உள்ளேயே கிடந்து ஸ்குரூவைத் துருவாக்கும்.

தம்பி: இது உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: பூந்தொட்டிக்கு அடியில் எதற்கு ஓட்டை விடுகிறோம்?

(தம்பி டியூபை மூடுகிறான். அவன் இதுவரை படித்த எந்தக் குறிப்பிலும் பூந்தொட்டி வரவில்லை.)

தம்பி: சரி, டியூனை நான்தான் தேர்ந்தெடுப்பேன். இதோ, குயில் கூவுகிற மாதிரி. தோட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

அக்கா: பொருத்தமாகத்தான் இருக்கும். நிஜக் குயில் கூவுகிறபோதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன், பெல் அடிக்கிறபோது மரத்தை அண்ணாந்து பார்ப்பேன்.

தம்பி: அப்படியானால் இது. கீச்சென்று உச்சத்தில் ஒலிக்கும், எட்டு ஊருக்குக் கேட்கும்.

அக்கா: ம். அடிக்கட்டும் பார்ப்போம்.

தம்பி: அடித்து முடிந்துவிட்டதே.

அக்கா: ...

தம்பி: வயது ஏறினால் முதலில் குறைவது கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அதனால் கொஞ்சம் கீழ் சுருதியில் உள்ள 'டிங் டாங்' வைத்துவிடுவோம்.

அக்கா: எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்வதற்கா இவ்வளவு தூரம் சுற்றி வந்தாய்?

தம்பி: விஞ்ஞானம் சொல்கிறது அக்கா, நான் சொல்லவில்லை.

அக்கா: விஞ்ஞானத்திடம் சொல், 'டிங் டாங்'கையே வைக்கட்டும்.

(டிங் டாங்!)

அக்கா: நன்றாகத்தான் இருக்கிறது.

தம்பி: நான் அழுத்தவில்லையே.

அக்கா: வாசலில் யாரோ! (மண் கையோடு ஓடிப்போய்த் திரும்பி வருகிறார்.) யாரும் இல்லை.

(டிங் டாங்!)

தம்பி: இப்போது நான் போகிறேன். (திரும்பி வந்து) நம் வாசலில் யாரும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் ஒருவர் நிற்கிறார். அவர்களும் இதே பெல் வைத்திருக்கிறார்கள். இரண்டு பட்டனும் அனுப்புகிற அடையாள எண் ஒன்றே போலிருக்கிறது.

அக்கா: ஆக, நம் வீட்டுக்கு வருகிறவர் தெரியாமல் தவித்த நான், இனிமேல் அவர்கள் வீட்டுக்கு வருகிறவரையும் கவனிக்க வேண்டும்.

தம்பி: நம் வீட்டில் அழுத்தினால் அவர்களுக்கும் அடிக்கும். பதிலுக்குப் பதில்.

அக்கா: அந்த எண்ணை மாற்றுடா!

(தம்பி ரிசீவரின் செட்டிங் பட்டனை விளக்கு மின்னும் வரை அழுத்திப் பிடித்துப் பழைய எண்ணை அழித்துவிட்டு, வாசல் பட்டனைப் புதிதாகப் பதிய வைக்கிறான். இதை எழுதும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடிகிற வேலை. வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.)

தம்பி: கடைசிச் சோதனை. நான் வாசலுக்குப் போய் அழுத்துகிறேன். கேட்டால் எனக்கு போன் செய்.

(போகிறான். காற்றில் வாசல் கதவு 'படார்' என்று சாத்திப் பூட்டிக்கொள்ளும் சத்தம். மழை பிடிக்கிறது. அக்கா சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்குகிறார். டிங் டாங்!)

அக்கா: அட, கணீரென்று கேட்கிறதே! (போன் செய்கிறார். பக்கத்து நாற்காலியில் தம்பியின் போன் அடிக்கிறது.) போனை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பரவாயில்லை, தோட்டத்தில் இப்போது எல்லாமே கேட்கிறது.

(டிங் டாங்!)

அக்கா: (உரக்க) கேட்கிறதடா!

(டிங் டாங்! டிங் டாங்!)

அக்கா: கேட்கிறது என்கிறேனே! மழையிலும் கேட்கிறது! விளக்கும் மின்னுகிறது!

(டிங் டாங்! டிங் டாங்! டிங் டாங்!)

அக்கா: இப்படி அடித்தால் ஒரே நாளில் பேட்டரி தீர்ந்துவிடும். இவனை... (திட்டுவதற்கென்றே வீட்டுக்குள் நடந்து போய் வாசல் கதவைத் திறக்கிறார். தம்பி தொப்பலாக நனைந்து, விரலை பட்டனிலிருந்து எடுக்காமல் நிற்கிறான்.) போதும், சோதனை முடிந்தது!

தம்பி: இது சோதனை இல்லை அக்கா. கதவு சாத்திக்கொண்டது.

அக்கா: ஐயோ! பட்டனுக்குள் தண்ணீர் போய்விட்டதா?

தம்பி: பட்டன் நன்றாக இருக்கிறது. அது ஐபி 44. எனக்குத்தான் யாரும் நம்பர் போடவில்லை.

அக்கா: நீ உள் பயன்பாட்டுக்கு மட்டும். வா, தலையைத் துவட்டு.