கல்லணையில் அல்ல, கடைமடையில் அளந்து பாருங்கள்

மேட்டூர் திறந்ததும் செய்தி, கல்லணை திறந்ததும் செய்தி. பூவும் நெல்லும் தூவுகிற படம் வந்துவிட்டால் அந்த வருஷத்துத் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கால்வாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை ஊர்களான பேராவூரணி, சேதுபாவாசத்திரம், நாகுடி பக்கம் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அவர்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது யாருக்கும் தெரியாது. நாற்று விடலாமா வேண்டாமா என்பதே அவர்களுக்கு ஒரு சூதாட்டம்.

கல்லணைக் கால்வாயைத்தான் சொல்கிறேன், தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்பார்களே, அது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1930களில் வந்தது. பெரிய கோயிலை ஒட்டி ஓடி, பட்டுக்கோட்டையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் வரை ஏறத்தாழ 148 கிலோமீட்டர் போகிறது. இதை நம்பி 2.27 லட்சம் ஏக்கர் இருக்கிறது, வழியில் ஏகப்பட்ட ஏரிகளும் இருக்கின்றன.

காவிரியும் வெண்ணாறும் வண்டல் பூமியில் தாமாக இறங்கி ஓடுகிறவை. இது அப்படியில்லை. ஆற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்துக்காக மட்டம் பார்த்து வெட்டிய கால்வாய். அதனால் இங்கே எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதைவிட, எந்த உயரத்தில் ஓடுகிறது என்பது முக்கியம். இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

கிளை வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் தலைப்பில் ஒரு மதகு. அந்த மதகின் அடித்தளம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். கால்வாயில் தண்ணீர் அந்த உயரத்துக்கு மேலே ஏறினால்தான் கிளைக்குள் பாயும். முழு அளவு விநாடிக்கு 4,200 கன அடி என்று வடிவமைத்த கால்வாயில் பாதி விட்டால், எல்லோருக்கும் பாதி கிடைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. தாழ்வான மதகுக்காரருக்கு நிறைய கிடைக்கும், மேடான மதகுக்காரர் வாசலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மட்டத்தை ஏற்றிக் கொடுக்க ஆங்காங்கே ரெகுலேட்டர்கள் உண்டு. ஆனால் ஷட்டர் அடிப்பாகம் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தால்? திருகுக் கம்பி வளைந்து, பலகை ஒரு பக்கம் சாய்ந்து, இடுக்கில் மணல் மூட்டையும் வைக்கோலும் திணித்து வைத்திருக்கும் மதகுகளைக் கடைமடைப் பக்கம் பார்க்கலாம். அந்த மூட்டையைத் திணித்தவர் அதிகாரி இல்லை, தன் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ராத்திரியில் வந்த விவசாயி.

சரி, முழு அளவையும் விட்டுவிட வேண்டியதுதானே என்றால், கரை தாங்குமா என்கிற பயம். பயம் நியாயமானதுதான். மேட்டில் ஓடுகிற கால்வாய் உடைந்தால் தாழ்வான ஊர் மூழ்கும். அதனால் பல வருஷங்களாகக் குறைத்தே விடுகிறார்கள், குறைத்து விடுவதால் மட்டம் ஏறுவதில்லை, மட்டம் ஏறாததால் கடைமடை காய்கிறது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடம் வழியாக அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போனது. அப்போதும் கடைமடை விவசாயிகள் தண்ணீர் கேட்டு சாலையில் உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் மழையைக் குறை சொல்ல முடியாது. கர்நாடகத்தையும் குறை சொல்ல முடியாது.

இந்தக் கால்வாயைச் சீரமைக்க சுமார் 2,640 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மனதார வரவேற்கிறேன். கரையைப் பலப்படுத்துவதும் மதகு, ரெகுலேட்டர்களைப் புதுப்பிப்பதும் எப்போதோ நடந்திருக்க வேண்டியவை. ஆனால் தரையிலும் கான்கிரீட் போடுவதை எதிர்த்து விவசாயிகள் போராடினார்களே, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கசிவு என்று பொறியாளர் எழுதுகிற தண்ணீர்தான் பக்கத்து ஊரின் கிணறும் போர்வெல்லும். தென்னை பிழைப்பது அதில்தான். கரையோர மரங்களுக்கும் அதுதான் உயிர். தண்ணீர் கீழே இறங்கத் தளத்தில் துளை விட்டால் போதாதா என்கிறார்கள் கான்கிரீட் போடச் சொல்கிறவர்கள். வண்டலும் குப்பையும் வருகிற கால்வாயில் அந்தத் துளை எத்தனை வருஷம் திறந்திருக்கும்? உடைப்பு எடுக்கும் இடம், மணல் சரியும் இடம், அங்கே தளம் போடுங்கள். மற்ற இடங்களில் பக்கச் சுவரோடு நிறுத்துங்கள். முழுக்கப் பூசுவதும் பூசாமலே விடுவதும் என இரண்டே வழிதான் என்பதுபோல் பேசுவதை நான் ஏற்கவில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பணம் எல்லாம் தாய்க் கால்வாயோடு நின்றுவிடும். ராஜாமடம் வாய்க்கால், கல்யாண ஓடை போன்ற கிளைகளும், அவற்றிலிருந்து பிரிகிற சிறு வாய்க்கால்களும் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்தால், மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் வயலுக்கு வராது. தூர்வாருவதும் அப்படித்தான். ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடி ஜூன் 12இல் திறப்பது வழக்கம். நடுவில் நாலரை மாதம் கால்வாய் காய்ந்து கிடக்கிறது. அப்போதெல்லாம் விட்டுவிட்டு, தண்ணீர் வரும் நேரத்தில் பொக்லைனை இறக்கினால் என்ன வேலை நடக்கும்? அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள், முதல் மழையில் அது திரும்ப உள்ளே இறங்கும். அப்புறம் லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் ஊழியர் பணியிடங்கள். ராத்திரி பகலாக மதகைக் கவனிக்க ஆள் இல்லாமல், முறை வைத்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுகிற முறைப்பாசனம் எப்படி நடக்கும்? மேல்மடைக்காரர் எடுப்பதைத் தடுக்க கீழ்மடைக்காரர் கம்போடு போக வேண்டியதுதான். ஒரே கால்வாயைக் குடிக்கிற ஊர்களுக்குள் இந்தப் பகை வேண்டாம்.

மேட்டூர் நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி என்று தினமும் பேப்பரில் வருகிறது. நாகுடியில் ஓடுவது எத்தனை கன அடி என்று எங்கேயாவது படித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு கிளையின் கடைசி மதகிலும் அளவுகோல் நட்டு, முறை நடக்கும் நாட்களில் அந்த அளவைத் தினமும் வெளியிடட்டும். திட்டத்துக்கான கடைசித் தவணைப் பணத்தை அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.